தலக்கோனாவில் கயோட்டி விழுந்தால்

திருப்பதியிலிருந்து பாக்கராபேட்டை வழியாகப் போனால், சேஷாசலம் காட்டுக்குள் தலக்கோனா அருவி வரும். உயரம் 270 அடி, சுமார் 82 மீட்டர். அதன் உச்சியிலிருந்து ஒரு கல் எங்கும் முட்டாமல் நேராக விழுந்தால், அடியைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? உயரத்தை மீட்டரில் எழுதுங்கள். 4.9ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். விடை ஏறக்குறைய 4.1 வினாடி. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அடியைத் தொடும்போது கல்லின் வேகம் மணிக்குச் சுமார் 144 கிலோமீட்டர். இது தாளில் போட வேண்டிய கணக்கு. அருவிக்குப் போய்க் கல்லை உருட்டிவிடாதீர்கள், கீழே ஆட்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த 4.1 வினாடியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நரியின் கதைக்கு அது வேண்டும்.

1949 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபர்ரியஸ்’ என்ற கார்ட்டூன் படத்தை வெளியிட்டது. தியேட்டரில் பெரிய படம் தொடங்குவதற்கு முன்னால் ஓட்டுவதற்கென்றே, ஏழு நிமிடம் ஓடும் இப்படிப்பட்ட குட்டிப் படங்களை அப்போது எடுப்பார்கள். இயக்கியவர் சக் ஜோன்ஸ். கதை மைக்கேல் மால்ட்டீஸ். பசியோடு அலையும் ஒரு கயோட்டி, அதன் கையில் அகப்படாமல் சாலையில் பறக்கும் ரோடு ரன்னர் என்ற பறவை, சுற்றிலும் பாலைவனம். இவ்வளவுதான் கதை. வசனம் கிடையாது. பறவை மட்டும் ‘பீப் பீப்’ என்கிறது. அந்தக் குரலைக் கொடுத்தவர் நடிகர் அல்ல, அதே ஸ்டுடியோவில் பின்னணிக் காட்சிகள் வரைந்துகொண்டிருந்த பால் ஜூலியன்.

இரண்டும் கற்பனைப் பிராணிகள் என்று நினைத்துவிடாதீர்கள். கயோட்டி வட அமெரிக்காவில் வாழும் விலங்கு, நம் ஊர்க் குள்ளநரிக்குப் பங்காளி. இரண்டுமே கேனிஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ரோடு ரன்னர் குயில் குடும்பம். நம் வேலியோரத்தில் செம்பழுப்புச் சிறகும் சிவந்த கண்ணுமாகத் தத்தி நடக்கிறதே செம்போத்து, அதுவும் அதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்துப் பறவைகளுக்கு இரண்டு விரல் முன்னாலும் இரண்டு விரல் பின்னாலும் இருக்கும். அதனால் மணலில் ரோடு ரன்னரின் காலடி பெருக்கல் குறி மாதிரி விழும். போன திசை எது, வந்த திசை எது என்று தடத்தைப் பார்த்துச் சொல்வது கடினம்.

இப்போது ஒரு செய்தி. உண்மையான ரோடு ரன்னர் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உண்மையான கயோட்டியோ 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நிஜப் பாலைவனத்தில் இந்தத் துரத்தல் சில நொடிகளில் முடிந்து, பறவை நரியின் வயிற்றுக்குள் போயிருக்கும். படம் முதலில் தலைகீழாக்கியது இந்த உண்மையைத்தான். அது முடிந்ததும் படத்தில் வேறு பல விதிகளும் ஒவ்வொன்றாக உடைகின்றன. ஆனால் கண்மூடித்தனமாக அல்ல. எந்த விதியை, எத்தனை நொடிக்கு, எந்த இடத்தில் உடைப்பது என்பதெல்லாம் அளந்து வைத்தது. நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அந்த அளவைத்தான்.

கார்ட்டூன் நரி பாறை விளிம்பைத் தாண்டி ஓடும் காட்சியை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. காற்றிலேயே சற்று தூரம் ஓடும். நிற்கும். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்று தெரியும். நம்மைப் பார்த்து விழிக்கும். அதற்குப் பிறகுதான் விழும். பூமியின் ஈர்ப்பு, நரி தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்கிறது!

நிஜத்தில் அப்படிக் காத்திருக்காது. விளிம்பைத் தாண்டிய அந்தக் கணத்திலேயே நரி விழத் தொடங்கிவிடும். முன்னால் போகும் வேகம் ஒரு பக்கம், கீழே இழுக்கும் ஈர்ப்பு ஒரு பக்கம், இரண்டும் ஒன்றை ஒன்று தடுக்காமல் சேர்ந்து வேலை செய்யும். அதனால் பாதை வளைந்து பரவளையமாகும். இதைக் கணக்கோடு நிறுவியவர் கலிலியோ. 1638இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. நம் கயோட்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடித் தலக்கோனா உச்சியைத் தாண்டினால், அந்த 4.1 வினாடிக்குள் முன்பக்கமாக ஏறக்குறைய 68 மீட்டர் போயிருக்கும். பாறையின் அடியில் அல்ல, வெகு தூரம் தள்ளித்தான் விழும்.

ஆனாலும் நரி காற்றில் ஓடுவதைப் பார்க்கும்போது நமக்கு அது முழுப் பொய்யாகத் தோன்றுவதில்லை. ஏன்? சினிமா ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படங்கள். விளிம்பைத் தாண்டிய முதல் ஃபிரேமுக்குள் ஒரு பொருள் எவ்வளவு கீழே இறங்கும் என்று பார்ப்போம். 1/24 வினாடியில் வெறும் எட்டரை மில்லிமீட்டர்! ஒரு விரல் அகலம்கூட இல்லை. இரண்டாவது ஃபிரேம் முடியும்போது அதைப் போல 4 மடங்கு. மூன்றாவதில் 9 மடங்கு. நான்காவதில் 16 மடங்கு. 12 ஃபிரேம், அதாவது அரை வினாடி ஆகும்போது 1.2 மீட்டர் இறங்கியிருக்கும். விழுதல் எப்போதும் மெதுவாகத் தொடங்கிப் பிறகுதான் வேகம் பிடிக்கிறது. தொடக்கத்தில் இருக்கிற அந்த மெதுவான சிறு துண்டைப் பிடித்து இழுத்து நீட்டிவிட்டால், கயோட்டி அந்தரத்தில் நிற்கும் காட்சி கிடைத்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கலிலியோவுக்கு முந்தைய பல அறிஞர்கள், எறிந்த பொருளுக்குள் ஓர் உந்துவிசை குடியேறுகிறது, அது தீரும்வரை பொருள் நேராகப் போகிறது, தீர்ந்ததும் கீழே விழுகிறது என்று நம்பினார்கள். அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் மெக்ளாஸ்கி கல்லூரி மாணவர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்தார். விளிம்பைத் தாண்டும் பொருள் எந்தப் பாதையில் விழும் என்று வரையச் சொன்னபோது, பலர் பழைய காலத்து அறிஞர்களைப் போலவே வரைந்தார்கள். 1983இல் அவர் இதைப் பற்றி எழுதினார். ஆக, கயோட்டி உடைப்பது நியூட்டனின் விதியைத்தான். நம் மனத்துக்குள் இருக்கிற பழைய விதியை அது அப்படியே பின்பற்றுகிறது. நம் மனம் ஒன்று சொல்ல, உலகம் வேறொன்று செய்ய, இரண்டுக்கும் நடுவில் நரி மாட்டிக்கொண்டு விழிக்கிறது.

விழும்போதும் கவனியுங்கள். முதலில் உடம்பு கீழே போகும். கழுத்து ரப்பராக நீளும். தலை மட்டும் மேலே நின்று நம்மைப் பார்க்கும். கடைசியில் தலையும் சரேலென்று போகும். திருமலை மலைப்பாதையில் பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, இருக்கையோடு ஒட்டிய இடுப்பு முதலில் திரும்புகிறது, தலையும் தோளும் பழைய திசையிலேயே போகப் பார்க்கின்றன அல்லவா? அந்த நிலைமத்தைத்தான் ஓவியர்கள் பெரிதாக்கி வரைகிறார்கள். காது, வால், முடி எல்லாமே உடம்புக்குப் பின்னால் தாமதமாக வந்து சேரும். வேகமாக ஓடும் முன் உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது, மோதும்போது நசுங்கி, பிறகு நீள்வது, இவையும் தசை, விசை, மீள்தன்மை பற்றி உண்மையாகவே கவனித்து எடுத்த பாடங்கள். டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் இப்படிப் பன்னிரண்டு அடிப்படைகளைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள்.

இப்போது அந்த 4.1 வினாடிக்கு வருவோம். அதை 24ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 98 ஃபிரேம். தலக்கோனா உயரத்திலிருந்து விழுவதை நேர்மையாக வரைய 98 ஃபிரேம் வேண்டும். இந்தத் தொடரின் படங்களில் கயோட்டி பெரும் பள்ளத்தில் விழுவதை நாம் மேலிருந்து பார்ப்போம். அது சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகி மறையும். ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. பிறகு அடியில் சின்னதாக ஒரு தூசிப் புகை. சக் ஜோன்ஸ் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: மறைவதற்கு 18 ஃபிரேம், மறைந்தபின் தரையில் மோத 14 ஃபிரேம். 13 வைத்தால் சிரிப்பு வரவில்லை, 15 வைத்தாலும் வரவில்லை, 14தான் சரி என்று அவர் கண்டார்.

18ம் 14ம் 32. வினாடியில் சொன்னால் 1.33. நிஜ உலகில் அந்த நேரத்தில் ஒரு பொருள் விழும் தூரம் 9 மீட்டருக்கும் குறைவு, மூன்று மாடி வீட்டின் உயரம்தான். ஆனால் திரையில் நாம் பார்ப்பதோ மலைப்பள்ளம். அதாவது, நரி அந்தரத்தில் நிற்கும்போது ஜோன்ஸ் நேரத்தை நீட்டுகிறார், விழும்போது நேரத்தைச் சுருக்குகிறார். இரண்டுமே பொய். ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சொல்லப்பட்ட, அளந்த பொய்கள். அந்த 14 ஃபிரேமில் திரையில் எதுவும் நடப்பதில்லை. நடப்பது பார்ப்பவர் தலைக்குள். ‘இதோ மோதப்போகிறது’ என்று மூளை ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு காத்திருக்கிறது. புகை அதற்கு முன்னால் வந்தால் எதிர்பார்ப்பு முற்றவில்லை, பின்னால் வந்தால் எதிர்பார்ப்பு ஆறிப்போகிறது. ஒரு ஃபிரேம் என்பது 42 மில்லிவினாடி. அவ்வளவு நுட்பமான காலத்தை நம் சிரிப்பு கவனிக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இசையும் இதே ஃபிரேம் கணக்கில்தான் பின்னப்பட்டது. இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங். 12 ஃபிரேமுக்கு ஒரு தாளம் என்றால் நிமிடத்துக்கு 120 தாளம். 8 ஃபிரேமுக்கு ஒன்று என்றால் 180. படம் வரையுமுன்பே இப்படித் தாளத்தை வகுத்துக்கொண்டால், நரியின் கால் தரையில் படுகிற ஃபிரேமிலேயே மேளமும் அடிக்கும். மிருதங்கம் கற்கும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

இனி ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபர்ரியஸ்’ படத்தின் வேடிக்கைகளில் ஒன்றிரண்டு. கயோட்டி ஒரு ராக்கெட்டோடு தன்னைச் சேர்த்துக்கொண்டு திரியைப் பற்றவைக்கிறது. முன்னால் பாய வேண்டிய ராக்கெட் நேரே மேலே போய், தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் முட்டுகிறது. இதற்கு இயற்பியல் காரணம் சொல்லலாம். ராக்கெட்டின் உந்துவிசை அதன் நிறை மையத்தின் வழியாகப் போக வேண்டும். ஒரு பக்கத்தில் கனமான நரி தொங்கினால் மையம் விலகிவிடும், ராக்கெட் சுழன்று திசை மாறும். ஸ்ரீஹரிகோட்டாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது, அதனால் அது இப்போது திருப்பதிக்காரர்களின் ஏவுதளம். 2023 ஜூலை 14 அன்று அங்கிருந்து சந்திரயான்-3ஐத் தூக்கிச் சென்ற எல்விஎம்-3 ராக்கெட்டின் எடை ஏறக்குறைய 640 டன். போகும் பாதை சற்றே விலகினாலும், நெருப்பு வெளியேறும் திசையை இம்மி இம்மியாக மாற்றி அதைச் சரிசெய்துகொண்டே போகும் ஏற்பாடு அதில் உண்டு. கயோட்டியிடம் இல்லாதது அதுதான்.

பிறகு குளிர்பதனப் பெட்டி, மோட்டார், இறைச்சி அரைக்கும் இயந்திரம் மூன்றையும் இணைத்துப் பாலைவனத்தில் பனிப்பாதை போட்டுச் சறுக்குகிறது. நல்ல மூளை! ஆனால் குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். பாலைவன வெயிலில் அதற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கணிப்பில் இந்தப் படத்தின் சிறந்த காட்சி சுரங்கப்பாதைதான். கயோட்டி ஒரு பாறைச் சுவரில் சுரங்கப்பாதையைத் தத்ரூபமாக வரைகிறது. பறவை ஏமாந்து முட்டிக்கொள்ளும் என்பது திட்டம். பறவையோ அந்த ஓவியத்துக்குள் புகுந்து ஓடியே போய்விடுகிறது! திகைத்துப்போன கயோட்டி பின்னாலேயே பாய்கிறது. டமார். அதற்கு மட்டும் அது பாறை.

முதலில் ஓவியம் ஏன் ஏமாற்றுகிறது? தூரப் போகப் போகப் பொருள்கள் சிறுத்துத் தெரியும். இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பது பாதி அளவில் தெரியும். அதனால் சாலையின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தோன்றும். ரேணிகுண்டா ரயில் நிலைய நடைமேடையில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தால் இதைக் காணலாம். அந்தப் புள்ளியைச் சரியாக வைத்து வரைந்தால் தட்டைச் சுவரிலும் ஆழம் தெரியும். நிஜத்தில் கிட்டே போகப் போக நம் இரு கண்களும் வேறுவேறு கோணத்தில் பார்த்து, இது தட்டைச் சுவர் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் திரையில் பார்க்கும் நமக்கு அந்த உதவி கிடையாது. திரையே தட்டை. படத்தில் நிஜச் சாலை என்று நாம் நம்புவதும் பெயிண்ட். கயோட்டி வரைந்த பொய்ச் சாலையும் பெயிண்ட். இரண்டுக்கும் ஒரே ஸ்டுடியோ, ஒரே வண்ணக் கிண்ணம். பறவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் ஓடுவதில் என்ன தடை? சினிமா எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்பதைச் சினிமாவே ஒரு பாறைச் சுவரில் எழுதிக் காட்டுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் இந்த யோசனைக்கு நான் தலைவணங்குவேன்.

அந்தப் பாறைகளையும் பாருங்கள். தூண் மாதிரி, வளைவு மாதிரி நிற்கும் பாறைகள் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் உண்மையாகவே இருக்கின்றன. நம் திருமலையிலும் ஒன்று இருக்கிறது, சிலாதோரணம். சுமார் 25 அடி அகலம், 10 அடி உயரம். யாரும் கட்டாத வளைவு அது. மழையும் காற்றும் வெயிலும் நெடுங்காலமாகப் பாறையை அரித்து மென்மையான பகுதியைத் தின்றுவிட, உறுதியான பகுதி நின்றுவிட்டது.

இதையெல்லாம் வரைந்தது எதன் மேல்? செல்லுலாய்டு தாளின் மேல். கண்ணாடி மாதிரி ஒளி புகும் தாள். முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் வண்ணம். பாலைவனக் காட்சியை ஒரு முறை வரைந்து கீழே வைத்துவிட்டு, அதன்மேல் நரி உள்ள தாளை மட்டும் மாற்றி மாற்றிப் படம் பிடித்தார்கள். 7 நிமிடத்துக்கு 10,080 ஃபிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொண்டாலும் 5,000 ஓவியங்களுக்கு மேல். இந்தத் தாள் முறைக்கு 1914இல் வழிகாட்டியவர் ஏர்ல் ஹர்ட் என்ற அமெரிக்கர். ஆனால் ஒளி புகும் பரப்பில் வண்ணம் தீட்டி அசையவைப்பது நம் ராயலசீமைக்குப் புதிதல்ல. தோலு பொம்மலாட்டத்தில் ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்தி, வண்ணமிட்டு, கை கால்களைத் தனித்தனியே கோத்து, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுகிறார்கள். ராமாயணத்துக்கு நடுவில் கேதிகாடு, பங்காரக்கா என்ற கோமாளிப் பாத்திரங்கள் வந்து அடித்துக்கொண்டு சிரிக்கவைப்பார்கள். தமிழ்த் தோற்பாவைக் கூத்தில் அந்த வேலை உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும். ஸ்ரீ சத்யசாய் மாவட்டம் நிம்மலகுண்டாவைச் சேர்ந்த தோற்பாவைக் கலைஞர் தளவாய் சலபதிராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

அசையாத ஓவியங்கள் அசைவதாகத் தெரிவது ஏன்? படிமம் கண்ணில் தங்கிவிடுவதால் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அது முழு விடை அல்ல. அடுத்தடுத்து வரும் இரண்டு நிலைகளைக் கண்டால் மூளை நடுவில் ஓர் அசைவைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் இதை ஆராய்ந்து எழுதினார்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, வலது ஓரத்தில் 18 தாள்களில் ஒரு நரியை வரையுங்கள். ஒவ்வொரு தாளிலும் முந்தையதைவிடச் சற்றுச் சிறிதாக வரைந்து, கடைசியில் புள்ளியாக்கி விடுங்கள். அடுத்த 14 தாள் காலி. பிறகு 3 தாளில் தூசிப் புகை. கட்டைவிரலால் ஒரே சீராகப் புரட்டி வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்டுங்கள். இன்னொரு நோட்டில் காலித் தாள் 5, மற்றொன்றில் 25 என்று வைத்து வேறு ஆட்களுக்குக் காட்டுங்கள். உங்கள் விரலின் வேகம் தியேட்டர் இயந்திரத்தின் வேகம் அல்ல, அதனால் உங்களுக்குச் சரியான எண் 14 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனை காலித் தாளுக்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று அட்டவணை போட்டுப் பாருங்கள்.